வெயில் கூடினால் மின்சாரம் கூடுமா?



சித்திரை மாதத்து நண்பகலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண். அதை விட்டால் சீமைக்கருவேலங்காடு. ஊரை நெருங்கினால் நீரற்ற குண்டாறு. 'இந்தப் பக்கம் வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அந்த வெயிலையே அறுவடை செய்யும் இடம் ஒன்று திருச்சுழிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. கமுதியை அடுத்த செங்கப்படையில் சுமார் 2,500 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 25 இலட்சம் சூரியத் தகடுகள் நிறுவப்பட்டுள்ளன. 2016 செப்டம்பரில் முழு அளவில் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களுள் அன்று உலகிலேயே பெரியது இதுதான். பின்னர் ராஜஸ்தானத்தின் பட்லா போன்ற பூங்காக்கள் இதை மிஞ்சிவிட்டன.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. வெயில் மிகக் கடுமையாகக் காயும் நாளில்தான் இத்தகடுகள் மிக அதிக மின்சாரம் தருமா? 'ஆம்' என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? அது பாதிதான் சரி.

ஒளி வேறு, வெப்பம் வேறு

நாம் 'வெயில்' என்று ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று ஒளி, மற்றொன்று வெப்பம். சூரியத் தகடு வேண்டுவது ஒளியை மட்டுமே.

தகட்டில் உள்ள ஒவ்வொரு மின்கலமும் சிலிக்கானால் ஆனது. ஒளித்துகளான போட்டான் சிலிக்கானில் பாயும்போது, பிணைப்பில் கட்டுண்டிருந்த எலக்ட்ரான் ஒன்று விடுபடுகிறது. மின்கலத்திலுள்ள பி-என் சந்தி அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. வெளிச் சுற்றின் வழியாக அந்த எலக்ட்ரான் ஓடுவதே மின்னோட்டம். ஒளி கூடினால் மின்னோட்டமும் கூடும். இதுவரை உங்கள் விடை சரி.

ஆனால் தகடு சூடேறினால், விடுபட்ட எலக்ட்ரான்கள் வெளியே வராமல் உள்ளேயே மீண்டும் பிணைந்துவிடும் போக்கு மிகுந்துவிடுகிறது. இதனால் மின்னழுத்தம் குறைகிறது. ஒரு சிலிக்கான் மின்கலத்தின் மின்னழுத்தம் சுமார் 0.6 வோல்ட். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அதில் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். திறனில் இந்த இழப்பு டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். தகட்டின் திறனைத் தொழிற்சாலையில் 25 டிகிரியில்தான் அளந்து எழுதுகிறார்கள். நம் ஊரில் காற்றின் வெப்பநிலை 38 டிகிரியாக இருக்கும்போது தகடு 65 டிகிரி வரை சூடாகலாம். வேறுபாடு 40 டிகிரி. டிகிரிக்கு 0.35 சதவீதம் என்றால் மொத்த இழப்பு 14 சதவீதம்! '100 வாட்' என்று எழுதிய தகடு, முழு ஒளி கிடைத்தும் 86 வாட்டே தரும். இதற்காக நம் ஊர் சூரிய மின்சாரத்துக்கு ஏற்றதல்ல என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டில் பெரும்பகுதி கிடைக்கும் தெளிந்த ஒளி இந்த இழப்பை ஈடுசெய்து மிகுதியும் தருகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

12 மின்கலங்கள் கொண்ட 6 வோல்ட் சிறு தகடு ஒன்றும், மல்டிமீட்டர் ஒன்றும் போதும். தகட்டை நிழலில் ஆறவைத்து, பிறகு வெயிலுக்குக் கொண்டுவந்து உடனே மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள். சாய்வை மாற்றாமல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே வாருங்கள். எண் இறங்குவதைக் காண்பீர்கள். 30 டிகிரி சூடேறினால் 12 மின்கலங்களுக்கும் சேர்த்து சுமார் 0.7 வோல்ட் குறைய வேண்டும். இனித் தகட்டின் பின்புறம் ஈரத்துணியை ஒட்டிவையுங்கள். எண் மீண்டும் ஏறும். வீட்டுக் கூரையில் உள்ள பெரிய தகடுகளில் இதைச் செய்யக் கூடாது.

இரண்டடுக்குத் தகடு

நடைமுறைக்கு ஏற்ற சிலிக்கான் மின்கலம் முதன்முதலில் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானபோது, தன்மீது விழுந்த ஒளியாற்றலில் சுமார் 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. எவ்வளவு திருத்தினாலும் சிலிக்கானால் மட்டும் 29 சதவீதத்தைச் சற்றே கடக்கத்தான் முடியும் என்கிறது கோட்பாடு.

இந்த வேலியைத் தாண்ட வழிகாட்டியது பெரோவ்ஸ்கைட் என்னும் படிக வகை. 2009இல் ஜப்பானின் மியாசாகா குழுவினர் இதைக்கொண்டு செய்த மின்கலம் 3.8 சதவீதமே தந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மெல்லிய பெரோவ்ஸ்கைட் அடுக்கைச் சிலிக்கானின் மேல் படியவைத்தால், ஆற்றல் மிகுந்த நீல, பச்சை ஒளியை மேலடுக்கும், சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைக் கீழடுக்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. சீனாவின் லாங்கி நிறுவனம் 2024இல் இவ்வகையில் 34.6 சதவீதத்தை எட்டியது.

ஆனால் இப்படிகம் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைகிறது. அதில் ஈயமும் கலந்துள்ளது. சிலிக்கான் தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கின்றன. பெரோவ்ஸ்கைட் அடுக்கு நம் கரிசல்காட்டு வெயிலில் அத்தனை ஆண்டு தாங்குமா? குளிர்நாட்டு ஆய்வகத்தில் எட்டிய சாதனை இதற்கு விடையாகாது. வெயிலில் வாழ்வோர் தேட வேண்டிய விடை இது.

எங்கே படிப்பது?

இதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் தந்ததால் அது அங்கே எழுந்தது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்கள் அதன் முக்கியத் துறை. அறிவியலை ஆய்வோடு சேர்த்துக் கற்பிக்கும் ஐசர் நிறுவனங்கள் 2006 முதல் தோன்றின. திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் உள்ளவை நமக்கு அருகில் இருப்பவை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் தனி நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். அது கைகூடாவிட்டாலும் கவலை வேண்டாம். அருகிலுள்ள கல்லூரியில் இயற்பியல் இளநிலை முடித்து, 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் முதுநிலை படிக்கலாம்.

1928இல் இராமனுடன் சேர்ந்து இராமன் விளைவைக் கண்டவரும், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநருமான கே.எஸ். கிருஷ்ணன் பிறந்தது இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில்தான். அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர்.

மேலே சொன்ன சோதனையை மார்கழிக் காலையில் ஒருமுறையும் சித்திரை நண்பகலில் ஒருமுறையும் செய்து, இரு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் முதல் ஆராய்ச்சி அங்கேயே தொடங்கிவிடும்.