கண் அழற்சியும் முதுகெலும்பு மூட்டழற்சியும்: எச்.எல்.ஏ-பி27 மரபணு அடையாளத்தின் பங்கு

முன்னுரை

ஒரு கண் திடீரெனச் சிவந்து வலிப்பதும், ஒளியைக் கண்டு கூசுவதும் விழியின் நடுப்படலத்தின் முன்பகுதியில் தோன்றும் அழற்சியின் அறிகுறிகளாகும். உரிய மருத்துவத்தால் சில வாரங்களில் தணிவதால், இது கண்ணோடு முடிந்த நோயாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் முதுகெலும்பு மூட்டழற்சியின் முதல் தடயமாகவும் இது அமையக்கூடும்.

மரபணுத் தொடர்பு

எச்.எல்.ஏ-பி27 என்பது 6ஆம் குரோமோசோமில் அமைந்த எச்.எல்.ஏ-பி மரபணுவின் ஒரு வகை. இது உருவாக்கும் புரதம், உயிரணுவினுள் உள்ள பெப்டைடு துணுக்குகளை நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுகிறது. 1973இல் இலண்டனிலும் லாஸ் ஏஞ்சலீசிலும் தனித்தனியே நிகழ்ந்த ஆய்வுகள், இம்மூட்டழற்சி உடையோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரிடம் இவ்வடையாளம் இருப்பதைக் கண்டறிந்தன. அதே ஆண்டில், திடீர்க் கண் அழற்சி உற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் இது காணப்பட்டது. நோயாளிகளின் மூட்டிலும் கண்ணிலும் உள்ள டி அணுக்கள் ஒத்த ஏற்பிகளைக் கொண்டிருப்பதையும், அவை பி27 காட்டும் நுண்ணுயிரித் துணுக்குகளோடு உடலின் சொந்தத் துணுக்குகளையும் இனங்காண்பதையும் 2022இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

முடிவுரை

பி27 உடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இம்மூட்டழற்சி தோன்றுவதில்லை. ஆகவே இவ்வடையாளம் மட்டுமே நோயை உறுதிசெய்யாது. 45 வயதுக்கு முன் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, ஓய்வில் மிகுந்து, உடலசைவில் குறையும் முதுகுவலி உள்ளதா எனக் கண் அழற்சி உற்றோரிடம் வினவுதல் இன்றியமையாதது. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகியபின் அந்நிலையை மாற்ற இயலாது. கண் மருத்துவரின் அவ்வொரு வினா, நோயறிதலில் நேரும் பல ஆண்டுக் காலத்தாழ்வைத் தவிர்க்க உதவும்.