சிறுதொகை முதலீடும் கிரிப்டோ நாணயமும்



"மாதம் ஆயிரம் ரூபாய்தானே, போனால் போகட்டும்" என்று கூறிக் கிரிப்டோ நாணயத்தில் இறங்குவோர் பலர். அந்த ஆயிரம் உண்மையிலேயே போகக்கூடியதா? அரிசிக்கும், பிள்ளையின் வகுப்புக் கட்டணத்துக்கும், கடன் தவணைக்கும் ஒதுக்கிய பின் எஞ்சுவதா? இக்கேள்விக்கு நேர்மையாக விடை காணாதவருக்கு ஏனைய விதிகள் எதுவும் பயன்தரா. கடன் வாங்கியோ மனைவியின் நகையை ஈடு வைத்தோ இடுவது முதலீடன்று.

2009ஆம் ஆண்டு தோன்றிய பிட்கொயின், 2021 நவம்பரில் சுமார் 69,000 டொலராக உயர்ந்து, ஓராண்டில் 16,000 டொலரளவுக்கு வீழ்ந்தது. ஒரு நாணயத்தைப் பத்துக் கோடிக் கூறுகளாகப் பிரிக்கலாமாதலால் சிறுதொகைக்கும் அதனை வாங்க முடிகிறது.

விலை ஏறினாலும் இறங்கினாலும் மாதந்தோறும் ஒரே தொகைக்கு வாங்குவது ஒரு முறை. ஒரு மாதம் விலை 60,000 டொலர், மறுமாதம் 20,000 டொலர் என வைத்துக்கொள்வோம். இரு மாதமும் பத்துப் பத்து டொலருக்கு வாங்கியவருக்கு, மலிந்த மாதத்தில் மும்மடங்கு கிடைக்கும். அவர் வாங்கிய சராசரி விலை 40,000 அன்று, 30,000 டொலரே. ஆயினும் விலை மீண்டும் 30,000ஐத் தாண்டும்வரை அவர் நட்டத்திலேயே இருப்பார். இதைச் சொல்லாமல் விடுவோரே அதிகம்.

இம்முறை நமது பதற்றத்தை அடக்கும். செத்த நாணயத்தை உயிர்ப்பிக்காது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டொலரளவில் இருந்த லூனா, மாத நடுப்பகுதியில் ஒரு சதமும் பெறவில்லை. மலிந்துவிட்டதென்று விழ விழ வாங்கியோர் அதனையும் சேர்த்தே இழந்தனர். எனவே மாதத் தொகையை மட்டுமன்றி, மொத்த எல்லையையும் முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். வீட்டாருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

மார்க்க அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் அப்போதைய தலைமை முப்தி ஷவ்கி அல்லாம் 2018 தொடக்கத்தில் பிட்கொயின் வர்த்தகம் கூடாதென்றார். மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபையோ, 2020இல், பதிவுபெற்ற சந்தைகளில் அதனை அனுமதித்தது. நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நாட்டுச் சட்டத்தையும் விசாரியுங்கள். கடனட்டை, பற்றட்டை மூலம் இதற்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022 ஜூலையில் நினைவூட்டியது. "அட்டை எதற்கு? என் கணக்கில் இடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் முன்வந்தால், அவர் உறவினராயினும் சரியே, ஒதுங்கிக்கொள்ளுங்கள்.