விளங்காத பக்கத்தில் ஒரு யாழ்

நூல் படிக்கும் மாணவர் பலர், விளங்காத பகுதி வந்ததும் அதைத் தாண்டிச் செல்வதை நாம் காண்கின்றோம். புதையல் அங்கேயே கிடத்தலும் உண்டு!

மட்டக்களப்புக்குத் தெற்கே, காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழிசை பற்றிய பகுதி அவரைத் தடுத்து நிறுத்திற்று. பழந்தமிழர் மீட்டிய யாழோ வழக்கொழிந்துவிட்டது, கேட்டறிவதற்கு எவருமிலர். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், கணிதத்தைத் துணைக்கொண்டு அப்பகுதியை ஆராய்ந்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாக 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

செங்கலடி மாணவர்களே! இன்றே ஒரு நூலை எடுங்கள். விளங்காத இடத்திற் சற்றே தங்குங்கள். இசையிழந்த யாழும் அவ்வாறு தங்கிய ஒருவருக்கே பேசிற்று.