ஈட்டுக் கடனும் இழந்த நாணயமும்

எனது நண்பர் ஒருவர் பாடசாலை ஆசிரியர். பரம்பரைக் காணியிலே ஒரு கல்வீடு கட்டிவிட வேண்டுமென்பது அவரது நெடுநாளைய ஆசை. காணியுறுதி, வரைபடம், சம்பளப் பத்திரம் யாவற்றையும் சுமந்துகொண்டு வங்கிக்குச் சென்றவர் வெறுங்கையுடன் திரும்பினார். பல ஆண்டுகளுக்கு முன் அவரது மைத்துனர் முச்சக்கர வண்டி வாங்கியபோது இவர் பிணையாளியாகக் கையொப்பமிட்டிருந்தார். மைத்துனர் தவணைப் பணத்தை இடையிலே நிறுத்திவிட, அந்நிலுவை இவரது கணக்கிலும் ஏறி நின்றது. “வாங்காத கடனுக்கு நான் நாணயம் கெட்டவனா?” என்று மனம் நொந்து கேட்டார். மைத்துனர் கேட்டால் மறுத்துரைப்பது எத்துணைக் கடினமென்பதை யாழ்ப்பாணத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னாளில் ஒருவரது நாணயத்தை ஊரே அறிந்திருந்தது. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிலே தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றி முறை பேசப்படுகின்றது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி மீளும். இக்காலத்து ஈட்டிலோ காணி நம் கையிலேயே இருக்கும். தவணை தவறாது வரவேண்டுமென்பதே வங்கியின் கவலை. ஆகவே காணியின் பெறுமதி மாத்திரம் போதாது. கடந்தகால நடத்தையும் ஆராயப்படுகின்றது.

அந்நடத்தையைப் பதிந்து வைப்பது, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். மக்கள் இதனைக் “கிறிப்” என்பர். அங்கே கறுப்புப் பட்டியலொன்று உண்டென்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. பணியகம் எவரையும் தடை செய்வதில்லை. கடன் நிறுவனங்கள் அனுப்பும் விபரங்களைத் தொகுத்துக் கொடுப்பதே அதன் பணி. கொடுப்பதா மறுப்பதா என்பதை வங்கியே தீர்மானிக்கின்றது. ஒரு வங்கி மறுத்ததை மற்றொன்று ஏற்பதும் உண்டு.

எனவே முதலிற் செய்யத்தக்கது தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே பெற்று வாசித்தல். இதற்கு எவருக்கும் உரிமையுண்டு. தீர்த்த கடன் தீராததாகக் காட்டப்பட்டிருப்பின் முறையிடலாம். ஆயினும் விபரத்தை அனுப்பிய நிறுவனமே அதனைத் திருத்த வேண்டும். ஆதலால் கடன் தீர்த்ததற்கான கடிதத்தையும் பற்றுச்சீட்டுகளையும் உறுதியைப் போலவே பேணுக. நிலுவை மெய்யாயின் ஒளிந்து திரிவதால் பயனில்லை. வட்டி வளர்வதே மிச்சம். நிறுவனத்தாரை நேரிற் கண்டு, கட்டக்கூடிய தொகையை எழுத்தில் ஒப்புக்கொள்வதே நன்று. தீர்த்த பின்னரும் பழைய தவறு உடனே மறைவதில்லை. நிலையான வைப்பின்மீது ஒரு சிறு கடன் பெற்று ஒழுங்காகக் கட்டிவந்தால் புதிய பதிவு சேரும்.

ஊழியர் சேமலாப நிதி அங்கத்தவர்கள் தம் மீதியை வீட்டுக் கடனுக்குப் பிணையாக வைக்கும் வழியையும் விசாரிக்கலாம். 1931 இல் தொடங்கிய இலங்கை அரச ஈட்டு வங்கியின் வழிவந்த அரச ஈட்டு முதலீட்டு வங்கி இத்தகைய கடன்களைக் கையாள்கின்றது.

நண்பர் மைத்துனரையும் அழைத்துச் சென்று நிலுவையைத் தவணைகளாகப் பிரித்தார். அது தீர ஒன்றரை வருடமாயிற்று. மேல்மாடியைக் கைவிட்டு, குறைந்த தொகைக்கு மீண்டும் விண்ணப்பித்தார். அத்திவாரம் வெட்டிய அன்று மண்வெட்டியுடன் முதலில் வந்து நின்றவர் மைத்துனர்தான்.