இதயம் நிற்பதற்கு முன்பே

வடசென்னையில் பழைய ஆட்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782-இல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் குழந்தைக்கு மூச்சு இழுத்தால், கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து அங்கேயோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஓடுகிறார்கள்.

உயிர் ஊசலாடும் நிலையில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயமே முதலில் பழுதாகும். குழந்தைகளுக்கு அப்படியல்ல. நிமோனியாவோ, டெங்குவோ, வயிற்றுப்போக்கோ உடலை வாட்டி, ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய், கடைசியில்தான் இதயம் ஓய்கிறது. அதனால் நாடி 60-க்குக் கீழே இறங்கி, மூச்சு கொடுத்தும் ஏறாமல், உடல் வெளுத்துக் கிடந்தால், தீவிர சிகிச்சைக் குழு இதயம் நிற்கும்வரை காத்திருக்காது. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடும்.

கைக்குழந்தை என்றால் இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களால் சுமார் 4 செ.மீ. ஆழம்; வளர்ந்த பிள்ளைக்கு உள்ளங்கையால் 5 செ.மீ. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிறையும். 15 அழுத்தலுக்கு 2 மூச்சு. தொண்டையில் குழாய் செருகியபின் அழுத்தலை நிறுத்தாமலே 2, 3 நொடிக்கு ஒரு மூச்சு. பதற்றத்தில் மூச்சு கொடுக்கும் பையை வேகவேகமாகப் பிசைந்துவிடுவது பயிற்சி பெற்றவர்களுக்கும் நேர்வதுதான். அப்படிப் பிசைந்தால் நெஞ்சுக்குள் காற்றழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும். சோர்ந்த கை தனக்கே தெரியாமல் மேலோட்டமாக அழுத்தும் என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள்.

தலைமை மருத்துவர் எதையும் தொடாமல் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். மருந்தெல்லாம் எடைக் கணக்கு. 1 மி.கி. அட்ரினலினை 10 மில்லியாகக் கலந்து, கிலோவுக்கு 0.1 மில்லி. “சிஸ்டர், பத்து கிலோ, அட்ரினலின் ஒரு மில்லி.” “ஒரு மில்லி போட்டாச்சு டாக்டர்.” சொன்னதைத் திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கம், பத்து மடங்கு மருந்து ஏறிவிடும் விபத்தைத் தடுக்கிறது. ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசியை இறக்கி, மஜ்ஜை வழியாகவே மருந்தைச் செலுத்துவார்கள். மின்னதிர்ச்சி சில வகைத் துடிப்புக் கோளாறுகளுக்கு மட்டுமே. கிலோவுக்கு 2 ஜூல், பிறகு 4.

இத்தனையும் நடக்கும்போது பெற்றோரை வெளியே நிறுத்துவதுதான் நம் வார்டுகளில் வழக்கம். அவர்கள் விரும்பினால் உள்ளே விட்டு, நடப்பதைச் சொல்ல ஒருவரை அருகில் நிறுத்தச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் இது கடினம்தான். ஆனாலும் அந்த ஓர் ஆளை ஒதுக்கத்தான் வேண்டும் என்பேன்.