இயற்கை மணத்துக்கும் அளவு உண்டு

கயத்தாறு போன்ற தென்மாவட்டச் சிற்றூர்களில் நாட்டு மருந்துக் கடைக்குச் சென்று 'குளியல் பொடிச் சரக்கு' என்று கேட்டால் இன்றும் ஒரு பொட்டலம் கட்டித் தருவார்கள். பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ், கார்போக அரிசி ஆகியவை அதில் இருக்கும். பச்சைப் பயறு சேர்த்து அரைத்தால் வீடே மணக்கும். பல தலைமுறைகளாகத் தொடரும் பழக்கம் இது.

அந்தக் கைப்பக்குவம் இப்போது தொழிலாகவும் வளர்ந்திருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவினரும் இல்லத்தரசியரும் சோப்பு, கூந்தல் தைலம், முகப்பூச்சு, குழந்தைகளுக்கான எண்ணெய் எனப் பலவற்றைத் தயாரித்து, கண்காட்சிகளிலும் வாட்ஸ்ஆப் வழியாகவும் விற்கின்றனர். இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. ஆனால், 'ரசாயனம் கலக்காதது. ஆகவே பாதுகாப்பானது' என்ற விளம்பர வாசகம் மட்டும் ஏற்கத்தக்கதன்று. மணம் என்பதே வேதிப்பொருள்தான். அது பூவிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதைவிட, அது என்ன பொருள், எவ்வளவு சேர்க்கப்பட்டது, தோலில் எவ்வளவு நேரம் தங்குகிறது, யாருடைய தோலில் படுகிறது என்பவையே பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

குளியல் பொடியில் உள்ள கார்போக அரிசியையே எடுத்துக்கொள்வோம். அதில் 'சொரலென்' என்னும் பொருள் உள்ளது. தோலைச் சூரிய ஒளிக்கு மிகை உணர்வுடையதாக்குவது அதன் இயல்பு. வெண்புள்ளிச் சிகிச்சையில் கார்போக அரிசி நெடுங்காலமாகப் பயன்படுவதற்குக் காரணமும் இதுவே. குளியல் பொடியில் சிறிதளவே சேர்வதாலும், தேய்த்த சில நிமிடங்களில் கழுவிவிடுவதாலும் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை. அதே சரக்கை மிகுதியாக எண்ணெயில் காய்ச்சி உடலில் பூசி, கழுவாமல் வெயிலில் நடந்தால் தோல் சிவந்து கொப்புளிக்கலாம். ஆறிய பின்னும் கருந்தழும்பு பல வாரங்கள் நீடிக்கலாம். பொருள் ஒன்றுதான், பயன்படுத்தும் முறை மாறும்போது விளைவும் மாறிவிடுகிறது.

நம் பக்கத்துப் புளியங்குடிக்குப் புகழ் சேர்த்த எலுமிச்சைக்கும் இது பொருந்தும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் சொரலென் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெயில் அவை ஏறத்தாழ இருப்பதில்லை. இரண்டும் கடையில் 'எலுமிச்சை எண்ணெய்' என்ற ஒரே பெயரில் கிடைக்கக்கூடும். வெயில் படும் தோலில் பூசிக் கழுவாமல் விடும் தயாரிப்புகளில், பிழிந்தெடுத்த எண்ணெய் 0.7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச நறுமணச் சங்கத்தின் வரையறை. 1973-இல் தொடங்கப்பட்ட இந்தத் தொழில்துறை அமைப்பு, ஒவ்வொரு நறுமணப் பொருளையும் எவ்வகைத் தயாரிப்பில் எவ்வளவு சேர்க்கலாம் என்று வகுத்துரைக்கிறது. அதன்படி 100 கிராம் தைலத்தில் 0.7 கிராமே உச்ச அளவு. வாசனை போதவில்லை என்று கண் அளவில் ஊற்றுபவர் இந்த வரம்பை எளிதில் கடந்துவிடுவார்.

அடுத்தது ஒவ்வாமை. வெயிலால் வரும் புண் விரைவிலேயே தெரிந்துவிடும். ஒவ்வாமையோ ஓசையின்றி வளரும். ஒரு நறுமணப் பொருள் தோலில் திரும்பத் திரும்பப் படும்போது, உடலின் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு சிறிதளவு பட்டாலும் அரிப்பும் தடிப்பும் தோன்றும். இந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை. 'பல மாதமாகப் பயன்படுத்துகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற வாதம் செல்லாததற்குக் காரணம் இதுவே. இலவங்கப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமால்டிஹைடும், கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலும் ஒவ்வாமைக்குப் பெயர்பெற்றவை. தோல் மருத்துவர்கள் நறுமண ஒவ்வாமையைக் கண்டறியப் பயன்படுத்தும் சோதனைக் கலவையில் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன. இரண்டுமே நம் அடுக்களையின் அஞ்சறைப் பெட்டியோடு உறவுடையவை. உண்ண ஏற்றது என்பதால் ஒரு பொருள் தோலில் பூசவும் ஏற்றதாகிவிடாது.

கருமையும் மாநிறமும் கொண்ட நம் மக்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஜப்பானில் 1960, 1970-களில் பெண்கள் பலருக்கு முகத்தில் கரும்பழுப்புத் திட்டுகள் படர்ந்தன. ஆய்ந்து பார்த்த மருத்துவர்கள், முகப்பூச்சுகளில் இருந்த சில சாயங்களோடு மல்லிகைச் சாறு, இலாங் இலாங் பூவெண்ணெய், பென்சைல் சாலிசிலேட் போன்ற மணப்பொருள்களையும் காரணமாகக் கண்டனர். அந்தப் பொருள்களை நீக்கிய பூச்சுகளுக்கு மாறிய பின்னரே திட்டுகள் குறைந்தன. அரிப்பு மிகுதியாக இல்லாமல் நிறம் மட்டும் மாறுவதால், இத்தகைய ஒவ்வாமையை 'மங்கு' என்று நினைத்து, அதற்கும் மணமூட்டிய இன்னொரு பூச்சைத் தடவும் பிழை நேரக்கூடும்.

எண்ணெயின் வயதும் முக்கியம். ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றில் உள்ள லிமோனினும், லாவெண்டரில் உள்ள லினலூலும் புதிதாக இருக்கும்போது அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேரும்போதுதான் வலிமையான ஒவ்வாமைப் பொருள்களாக மாறுகின்றன. பாதி காலியான புட்டியைச் சன்னலோரம் வைத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவது, நம் கரிசல் காட்டு வெயிலில் இன்னும் கெடுதலாகும்.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது கைக்குழந்தைகளின் நிலை. சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி மார்பில் தடவுவதும், நீலகிரித் தைலத்தை மூக்கருகே வைப்பதும் பல வீடுகளில் வழக்கம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். விழுங்கினால் மிக விரைவாக வலிப்பை உண்டாக்கும். சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். கற்பூரம், நீலகிரித் தைலம் ஆகியவற்றால் நேர்ந்த வலிப்புகளை இந்திய மருத்துவர்களும் பதிவு செய்துள்ளனர். 20 விழுக்காடு கற்பூரம் கலந்த எண்ணெயை அமெரிக்கா 1982-லேயே சந்தையிலிருந்து விலக்கிவிட்டது. பூசைக்கு விற்கும் கற்பூரம் மருந்துத் தரத்தில் ஆனதும் அன்று. ஆகவே, இவ்விரண்டும் சேர்ந்த 'குழந்தை எண்ணெயை' வீட்டில் தயாரிப்பதையும் விற்பதையும் அறவே தவிர்ப்பதே நல்லது.

அப்படியானால், செயற்கை மணமே மேலானதா? அதுவும் அன்று. பூ வாசனை தரும் 'லிலியால்' என்ற செயற்கைப் பொருள், இனப்பெருக்க நலனுக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப் பொருள்களில் அதைத் தடை செய்தது. பெயரும் உற்பத்தியாளர் முகவரியும் இல்லாமல் சில்லறையாக ஊற்றித் தரப்படும் 'மல்லிகை சென்ட்', 'சந்தன சென்ட்' ஆகியவற்றில் எது உள்ளது என்று விற்பவருக்கும் தெரியாது. மெழுகுவர்த்திக்கோ ஊதுவத்திக்கோ உரிய மணக்கலவை சோப்புக்குள் செல்வதும் இவ்வாறுதான். இயற்கையா, செயற்கையா என்று கேட்பதற்கு முன், இது என்னவென்று தெரிந்த பொருளா என்று கேட்பதே அறிவுடைமை.

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சில ஒழுங்குகள் போதும். உடலில் பூசுவதற்கு உரியது என்ற சான்றும், எவ்வகைத் தயாரிப்பில் எத்தனை விழுக்காடு சேர்க்கலாம் என்ற குறிப்பும் தரும் விற்பனையாளரிடம் மட்டுமே மணப்பொருளை வாங்க வேண்டும். சொட்டுக் கணக்கைக் கைவிட்டு, 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் நிறுத்துச் சேர்க்க வேண்டும். எண்ணெயின் தன்மைக்கும் சொட்டுக் குழாயின் வாய்க்கும் ஏற்ப ஒரு மில்லிக்கு 20 சொட்டும் விழலாம், 40 சொட்டும் விழலாம். கழுவிவிடும் சோப்புக்கான அளவைத் தோலில் தங்கும் தைலத்துக்குப் பின்பற்றக் கூடாது. புட்டியைத் திறந்த நாளைக் குறித்து, இருண்ட கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். தயாரித்த ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணிட்டு, சேர்த்தவற்றை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். யாருக்கேனும் தடிப்பு வந்தால் காரணத்தைக் கண்டறிய மருத்துவருக்கு அந்த ஏடு உதவும்.

வாங்குவோரும் புதிய தைலத்தைச் சிறிதளவு முழங்கையின் உட்புறத்தில் நாள்தோறும் இருவேளை ஒரு வாரம் பூசிப் பார்க்கலாம். சிவப்போ அரிப்போ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். தயாரிப்பவர் தம் கையில் பூசிப் பார்த்து 'பாதுகாப்பானது' என்று ஊருக்கே சான்று தர முடியாது. அந்தச் சோதனை அவருடைய தோலைப் பற்றி மட்டுமே பேசும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம், 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள்கள் விதிகள் ஆகியவற்றின்படி, விற்பனைக்காக இவற்றைத் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய காலம், சேர்மானங்கள் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2003-ஆம் ஆண்டு விதி, ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடப் பணித்தது. 2023-இல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது. கைத்தொழில் தயாரிப்புகளுக்கு வெளிநாட்டுச் சந்தை தேடுவோர் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆயினும், உரிமம் இல்லை என்று குடிசைத் தொழில் செய்யும் பெண்களைக் குற்றவாளிகளாக்குவது தீர்வாகாது. சோப்புத் தயாரிக்கக் கற்றுத்தரும் பயிற்சிகளில் வடிவமும் நிறமும் மணமும் சொல்லித்தரப்படுகின்றன. அவற்றோடு மணப்பொருளின் அளவு, வெயில் விளைவு, ஒவ்வாமை, உறையில் எழுதும் முறை ஆகியவற்றுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். மகளிர் திட்டமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அரசு மருத்துவமனைகளின் தோல் மருத்துவர்களும் இணைந்தால் இது எளிதில் கைகூடும். நம் பாட்டிமார் குளியல் பொடிக்கு ஒவ்வொரு சரக்கையும் நிறுத்தே சேர்த்தார்கள். மரபின் பெயரால் பொருளை விற்கும் நாம், அந்த மரபின் தராசையும் கைவிடாதிருக்க வேண்டும்.