ஓசோனும் வளர்ப்புயிர்களும்

ஒரே பொருள் ஓரிடத்திற் காவலாகவும் வேறோரிடத்திற் கேடாகவும் அமைதல் உண்டு. ஓசோன் என்னும் வாயு அதற்குத் தக்க சான்றாகும். மூன்று ஒட்சிசன் அணுக்கள் கூடிய மூலக்கூறு அது. 1840ஆம் ஆண்டளவில் பாசல் நகரப் பேராசிரியர் சோன்பைன் மணத்தால் அதனை உணர்ந்து, மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அதற்குப் பெயரிட்டார். வளிமண்டலத்தின் மேற்படையில் நின்று ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காப்பது அதுவே. அப்படையைப் பேணுதற்கு 1987இல் எழுந்த மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கையும் 1989இற் சேர்ந்தது.

மேலே காக்கும் அவ்வாயு வீட்டினுள்ளே பரவுமாயின் நிலைமை வேறாகும். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மாசுற்ற காற்று இலங்கையைச் சூழ, அம்மாதம் 9ஆம் நாள் பாடசாலைகள் மூடப்பட்டன. இத்தகைய வேளைகளிற் காற்றைத் தூய்மையாக்கும் மின்பொறிகளை மக்கள் நாடுதல் இயல்பே. ஆயின், அப்பொறிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. காற்றை வடிகட்டியினூடே செலுத்தித் தூசியைப் பிடிப்பது ஒருவகை. மின்னிறக்கத்தால் ஒட்சிசனை ஓசோனாக்கி அறையில் விடுவது மற்றொரு வகை. அயன்களை வெளிவிடும் பொறிகள் சிலவற்றிலும் ஓசோன் பக்கவிளைவாகத் தோன்றும்.

ஓசோனின் மூன்றாம் அணு எளிதிற் பிரிந்து பிற பொருள்களைத் தாக்கும். நாற்றத்தைப் போக்கும் என்று விற்போர் புகழ்வது இவ்வியல்பையே. ஆனால், நாற்றப் பொருள் இது, நுரையீரலின் மென்சவ்வு இது என வேறுபாடு காண அதற்குத் தெரியாது. தீங்கு செய்யாத அளவில் அது காற்றைத் தூய்மையாக்குவதில்லை. தூய்மையாக்கும் அளவில் அது தீங்கு செய்யாதிருப்பதில்லை. இதுபற்றியே கலிபோர்ணியா மாநிலம், வீட்டுப் பொறிகள் வெளிவிடும் ஓசோன் மில்லியனில் 0.05 பங்கிற்கு மேற்படலாகாதென விதித்து, 2010 முதல் நடைமுறைப்படுத்தியது.

இவ்வெல்லையும் மனிதரின் உடல்நலத்தை நோக்கி வகுக்கப்பட்டதேயாம். மூச்சு முட்டினால் மனிதர் எழுந்து வெளியேறுவர். கூட்டிலுள்ள பறவையும் அறையிற் பூட்டப்பட்ட பூனையும் யாது செய்யும்? பறவையின் நுரையீரலிற் காற்று ஒரே திசையிற் செல்லும். உள்மூச்சு, வெளிமூச்சு இரண்டின்போதும் வாயுப் பரிமாற்றம் நிகழும். ஒட்சிசனை மிகுதியாக ஏற்கும் அவ்வமைப்பே நச்சு வாயுவையும் விரைந்து ஏற்கின்றது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறியக் கனேரிப் பறவைகளை 1986 வரை வைத்திருந்தமை இதனாலேயாம்.

ஆதலின், பொறி வாங்குவோர் அது ஓசோனை உண்டாக்குமோ என முதலில் வினவல் வேண்டும். மின்னல் வெட்டியபின் எழுவது போன்ற கார மணம் அறையில் தோன்றின் அஃது ஓர் எச்சரிக்கை. நாய், பூனை இருமினாலும், கண்ணீர் வடித்தாலும், பறவை அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலும், உடனே பொறியை நிறுத்தி உயிரை வெளிக்காற்றுக்குக் கொண்டுசென்று விலங்கு வைத்தியரை நாடுதல் கடன்.

நாவுல போன்ற ஊர்களில் விறகடுப்புப் புகையே வீட்டுக் காற்றைக் கெடுப்பதாயின், புகைபோக்கியும் திறந்த சாளரமுமே முதன் மருந்து. பொறி வேண்டுமாயின் வடிகட்டிப் பொறியே தகும். தூய்மை என்ற பெயர் தாங்கியன எல்லாம் தூய்மை தருவனவல்ல. வாய்பேசா உயிர்களை வளர்ப்போர், அவற்றின் மூச்சுக்கும் பொறுப்புடையோர் ஆவர்.